பயிற்சிக்கூடத்தின் சாவி யார் கையில்?

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவளுக்கு எதற்கு உடற்பயிற்சி?" தோட்டக் கமிட்டியில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். கூடவே ஒரு சிரிப்பும் வரும்.

கொழுந்து எடுப்பது வேலை. அது பயிற்சி ஆகாது. பாரத்தைச் சுமந்துகொண்டு ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி கையை ஓட்டி, தோளும் இடுப்பும் முழங்காலும் வருஷக்கணக்கில் தேய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அந்த 150 நிமிடம் நமக்குத் திங்கட்கிழமை பத்து மணிக்கே முடிந்துவிடும். நம்மிடம் இல்லாதது இரண்டாவதுதான். முதுகுக்கும் தொடைக்கும் வலுவூட்டி, இறுகின தோளைத் தளர்த்தும் பயிற்சி அது.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் தோழி ஒருத்தியோடு கரவெட்டிக்குப் போய்வருவேன். அவர்கள் குறிச்சியின் சனசமூக நிலையத்தில் காலையில் பத்திரிகை வாசிப்பார்கள், பின்னேரம் கரப்பந்து ஆடுவார்கள். பக்கத்து அறையில் பாரம் தூக்கும் கம்பிகள், ஒரு வாங்கு, இரண்டு பாய்கள். அவ்வளவுதான். அங்கத்தவர்கள் சிறு சந்தா கட்டி, தாங்களே நிர்வாகம் தெரிந்து நடத்தினார்கள். (அந்த ஊரிலும் எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக வதிரியில் சூரன் தனிப் பள்ளியே தொடங்க வேண்டியிருந்தது.)

நம் பக்கம் 'கிளப்' என்றால் துரைமாருடையது. டிக்கோயா டரவளையில் மைதானம் இருந்தது, நமக்கு அதில் வேலை மட்டும் இருந்தது. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டத்துக்குள் வரத் தடையாக நின்றது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். கரவெட்டிக்காரர் உரிமையோடு சபையில் கேட்டதை நாம் கேட்கவே முப்பது வருஷம் காத்திருந்தோம். இப்போது கேட்கலாம். சும்மா கிடக்கும் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்றைக் கம்பனி விட்டுத்தரட்டும், கூரையையும் மின்சாரத்தையும் சபை பார்க்கட்டும். மெஷின்கள் வேண்டியதில்லை. பாய், கயிறு, சில இரும்புக் குண்டுகள், பழக்கிவிட ஓர் ஆள் போதும்.

ஆனால் மூன்று விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாதக் கட்டணம் அரைப்பேர்ச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கென்று தனி நேரம் வேண்டும், அதுவும் நிறுவை முடிந்து அடுப்பு மூட்டும் நேரமாக இருக்கக் கூடாது. ஞாயிறு காலையும் வாரநாளில் இரவு ஏழு மணியும் சரிவரும் என்று மாதர் சங்கத்து அக்காமார் சொல்கிறார்கள். அவர்கள் வருகிற நேரத்தில் ஆண்கள் வாசலில் குந்தியிருக்கக் கூடாது. பார்த்துச் சிரிப்பார்கள் என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது, காசு அடுத்ததுதான்.

மூன்றாவது நம் தலைவர்மாருக்குக் கசக்கும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும், எந்தச் சங்கத்திலும் இல்லாவிட்டாலும், லயத்தில் இருக்கிற எவரும் வரலாம் என்று எழுதி ஒட்ட வேண்டும். நம் சங்கம் கேட்டு வாங்கியது என்பதற்காக நம் கொடியைக் கதவில் கட்டினால், அடுத்த லயத்துப் பிள்ளை படி ஏற மாட்டாள்.

சபைகளின் வரவு செலவுத் திட்டம் வருஷக் கடைசியில் வரும். அதற்கு முன் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் ஒரு வரி விடாமல் சேருங்கள்: சாவி பங்களாவிலோ தலைவர் வீட்டிலோ இருக்கக் கூடாது, கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும்.