மேசைக்கு முன்னே நிற்கும்போது



தேர்வு முடிவுகள் வெளிவரும் காலம் நெருங்கிவிட்டால், நம் சந்தாபுராச் சந்திப்பிலும், ஆனேக்கல் சாலையின் மதில்களிலும், பொம்மசந்திராத் தொழிற்பேட்டையின் வாயில்களிலும் ஒரே வகையான அறிவிப்புத் தாள்களைக் காண்கிறோம். கன்னடத்தில் 'உத்யோக மேளா' என்றும், எல்லைக்கு அப்பால் ஒசூரில் 'தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்' என்றும் அவை அழைக்கின்றன. நம் இல்லங்களில் அன்றிரவே சட்டை துவைக்கப்படுகிறது; சான்றிதழ்கள் நெகிழி உறையில் அடுக்கப்படுகின்றன; மறுநாள் விடியுமுன் பிள்ளை புறப்பட்டுவிடுகிறான். மாலையில் திரும்பும்போது அவன் முகத்தைப் பார்த்தே தாய் எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறாள். அவள் ஒன்றும் கேட்பதில்லை. அவனும் ஒன்றும் சொல்வதில்லை.

அத்தகைய முகாம் ஒன்றிற்கு, நம் சங்கத்து இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு நாமும் சென்றிருந்தோம். நம் வட்டாரக் கல்லூரி ஒன்றின் முற்றத்தில் அது நடைபெற்றது. அங்கே கண்ட ஒரு நிகழ்ச்சியே இத்திங்கள் நம்மை எழுதத் தூண்டியது.

தருமபுரி மாவட்டத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் அன்று நம்முடன் வந்திருந்தார். தந்தையார் கொத்தனார், தாயார் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அலுவலகக் கட்டடத்தைத் துப்புரவு செய்பவர். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வைத்தார்கள். நல்ல மதிப்பெண், அடக்கமான பிள்ளை. மருந்து உற்பத்தி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் மேசையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. மேசைக்கு அப்பால் இருந்த அம்மையார் அன்பாகவே கேட்டார்:

"பி.யு.சி. முடித்தாயா?"

"இல்லை, மேடம்."

அவ்வளவுதான். "பி.யு.சி. முடித்தவர்களைத்தான் எடுக்கிறோம்" என்று கூறி, அம்மையார் அடுத்தவரை அழைத்துவிட்டார். வெளியே வந்த இளைஞர் தலைகுனிந்து நின்றார். உடன் வந்திருந்த நம் சங்க மூத்தவர் செய்தியைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி! நீ படித்த பிளஸ் டூ தானப்பா இவர்கள் சொல்லும் பி.யு.சி.!" என்றார்.

தமிழகத்திலும் 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி புகுத்தப்படும்வரை பி.யு.சி. என்ற பெயர் வழங்கியது. நம் மூத்தவர் அக்காலத்தில் அதைப் படித்தவர். ஆதலால் அவருக்குத் தெரிந்தது. கருநாடகத்திலோ பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் இன்றும் முதலாம், இரண்டாம் பி.யு.சி. என்றே வழங்குகின்றன. ஊரில் படித்துவிட்டு நேற்று வந்திறங்கிய பிள்ளைக்கு இது எவ்வாறு தெரியும்? உள்ள தகுதியை 'இல்லை' என்று தன் வாயாலேயே மறுத்துவிட்டுத் திரும்பிய அவ்விளைஞரின் நிலை நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. குறை அவருடைய படிப்பில் இல்லை. கேட்ட அம்மையாரிடமும் இல்லை. இருவருக்கும் இடையே இருந்த ஒரு சொல்லில் இருந்தது.

நேயர்களே, சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். நம் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-இல், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காகத் தோன்றின. 1948-இல் அவை அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. காலியிடங்களை அவ்வலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959-இல் வந்தது. அக்காலத்தில் ஒருவர் தம் பெயரைப் பதிவு செய்துவிட்டு, அஞ்சல்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் காத்திருப்பார். அவருக்காகப் பேசியது பதிவு மூப்பு. அவர் முகத்தையோ குரலையோ எவரும் அறிய வேண்டியதில்லை.

இன்றைய முகாமோ அதற்கு நேர்மாறானது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 26, 27 ஆகிய நாள்களில் கருநாடக அரசு பெங்களூரு அரண்மனைத் திடலில் 'யுவ சம்ருத்தி சம்மேளன' என்னும் மாநில அளவிலான பெருமுகாமை நடத்தியது. அத்தகைய பெருங்கூட்டத்திலே ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. மூப்பு பேசாது, சிபாரிசும் பேசாது. நாமே நமக்காகப் பேச வேண்டும்.

மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் யார்? அவரைக் கண்டு அஞ்சுவோர் பலர். ஆனால் அவரும் ஒரு கட்டளைக்கு உட்பட்ட ஊழியரே. இத்தனை இடம், இன்ன படிப்பு, இரவு ஷிப்டுக்கு இத்தனை பேர் என்ற பட்டியலை நிறுவனம் அவர் கையில் தந்து அனுப்பியிருக்கிறது. காலை முதல் மாலை வரை நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்து, அதே விடைகளைக் கேட்டுக் களைத்தவர் அவர். பெரிய நிறுவனங்களில் அன்றே வேலை ஆணை தருவது குறைவு. மறுசுற்றுக்கு அழைக்கத்தக்கவர் யார் என்று பிரித்தெடுப்பதே அவர் வேலை. ஒருவர் பேசிவிட்டுச் சென்றதும், அவருடைய தாளின் மூலையில் பேனாவால் இரண்டொரு சொற்களை எழுதுகிறார். 'ஃபிட்டர், அளவுக் கருவி தெரியும்' என்றோ, 'இரவு ஷிப்டுக்கு இசைவு' என்றோ, 'பார்க்கலாம்' என்றோ அது அமையும். மாலையில் அலுவலகத்திற்குத் திரும்பும்போது நம் முகம் அவர் நினைவில் இராது. அந்த மூலைச் சொல்தான் இருக்கும்.

ஆதலின் முகாமுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் முந்திய இரவு தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'என் தாளின் மூலையில் அவர் எந்தச் சொல்லை எழுத வேண்டும்?' என்பதே அது. அச்சொல் உண்மையானதாக இருத்தல் வேண்டும். அதை அவருக்குப் புரியும்படி நாமே எடுத்துக் கொடுத்தலும் வேண்டும். இதைவிடப் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை.

'நான் கடின உழைப்பாளி; எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்' என்று மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் ஒப்பிப்போரை அன்று வரிசை வரிசையாகக் கண்டோம். நூறு பேர் சொல்லும் சொல் ஒருவரையும் அடையாளம் காட்டாது. ஐ.டி.ஐ. படித்த ஓர் இளைஞரோ, "வெர்னியர் காலிப்பரிலும் மைக்ரோமீட்டரிலும் அளந்து பழகியிருக்கிறேன்" என்றார். "எவ்வளவு நுட்பமாக அளக்கலாம்?" என்று கேட்டார் மேசைக்காரர். "எங்கள் பட்டறையில் இருந்த வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர், மைக்ரோமீட்டரில் 0.01 மில்லிமீட்டர்" என்று தயங்காமல் விடை வந்தது. அவருடைய ஆங்கிலம் தடுமாறியது, அளவு தடுமாறவில்லை. பேனா உடனே தாளின் மூலைக்குச் சென்றதை நாம் கண்ணாரக் கண்டோம்.

பெண்மணிகளுக்கும் ஒரு சொல். குழந்தைகளுக்காக நான்கு ஆண்டுகள் வேலையை விட்டிருந்த ஒரு சகோதரி, ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் மேசைக்கு முன் நின்றார். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, "வீட்டில் சும்மா இருந்தேன்" என்றார். உண்மையில் அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து, அண்டை அயலாருக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்து வந்தவர். அதற்கு முன் தொழிற்சாலையில் காலர் பொருத்தும் பகுதியில் பணியாற்றியவர். நம் தாய்மார்கள் தம் உழைப்பைத் தாமே 'சும்மா' என்று சொல்லப் பழகிவிட்டார்கள்! அருகிலிருந்த தோழி இடித்துரைத்த பிறகே காலர் வேலையைப் பற்றிச் சொன்னார். மேசைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த இயந்திரம், மணிக்கு எத்தனை என்று வினவலானார். செய்த வேலையைச் சொல்வது தற்பெருமை ஆகாது. அதை மறைப்பது அடக்கமும் ஆகாது.

இனி, பிற மாநிலத்தில் வாழும் நமக்கே உரிய சில தொல்லைகளைக் காண்போம்.

முதலாவது, பெயர். நம் மதிப்பெண் சான்றிதழில் தலைப்பெழுத்து ஒன்றே இருக்கும். ஆதாரில் தந்தையார் பெயர் முழுமையாக விரிந்திருக்கும். வங்கிக் கணக்கில் அது முன்பின்னாக மாறியிருக்கும். தலைப்பெழுத்து முறையை அறியாத அலுவலர் இவற்றை வெவ்வேறு ஆளென்று ஐயுறக்கூடும். முகாமுக்கு முன்பே தாள்களை ஒப்புநோக்கி, திருத்தக் கூடியதைத் திருத்தி, எஞ்சியதை ஒரே வாக்கியத்தில் விளக்கப் பழகிக்கொள்க.

இரண்டாவது, படிப்பின் பெயர். தன்விவரத் தாளில் 'பிளஸ் டூ' என்பதை அடுத்து 'பி.யு.சி.க்கு இணை' என்று எழுதிவிடுக. ஒரு வரி; ஒரு வேலை அதனால் தப்பக்கூடும்.

மூன்றாவது, மொழி. மேசைக்கு அப்பால் இருப்பவர் தமிழராகவே இருக்கலாம். ஆயினும் முதற்சொல் கன்னடமாக இருப்பதே இந்த மண்ணுக்கு நாம் செய்யும் மரியாதை. 'நமஸ்கார' என்று தொடங்கி, தெரிந்த அளவு பேசி, தெரியாவிடில் 'கன்னட கலீத்தா இத்தீனி' என்று சொன்னால் போதும். கற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது அதன் பொருள். சொல்வதோடு நில்லாமல் மெய்யாகவே கற்றலும் வேண்டும். பட்டறையில் மேற்பார்வையாளர் கூவும் எச்சரிக்கை கன்னடத்தில்தான் வரும் என்பதை மறத்தலாகாது.

பெற்றோர்க்கும் ஒன்று கூற விழைகிறோம். பிள்ளையுடன் வாருங்கள், நிழலில் அமருங்கள், தண்ணீரும் சோறும் கொடுங்கள். ஆனால் மேசைக்கு முன் வந்து நிற்காதீர்கள். பிள்ளையின் பெயரைக் கேட்டாலும் தந்தையே விடை கூறியதை அன்று கண்டோம். அன்பினால் செய்ததே, எனினும் 'இவனால் தனித்து நிற்க இயலுமா?' என்ற ஐயத்தை அவ்வன்பே விளைவித்துவிட்டது. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஆடையைத் தாய் துவைத்துத் தரலாம்; ஆளாக நிற்க வேண்டியவன் மகனே.

நிற்க. நல்லெண்ணம் பெறுவது என்றால் பணிந்து தலையாட்டுவது என்று பொருளன்று. கேட்பவரிடம் நாமும் கேட்டல் வேண்டும். வேலை நிறுவனத்தின் பெயரிலா, ஒப்பந்தக்காரர் பெயரிலா? அது நிலையான பணியா, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் அப்ரண்டிஸ் பயிற்சியா? பின்னதாயின் கிடைப்பது உதவித்தொகையே. முடிந்தபின் வேலை தருவார்களா என்பதும் தனிக் கேள்வி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு? இரவு ஷிப்டுக்கு வண்டி உண்டா? இவற்றைத் தெளிவாகவும் பணிவாகவும் கேட்பவரை நல்ல நிறுவனம் குறைவாக எண்ணாது. வேலையில் நிலைத்திருக்க வந்தவர் என்றே எண்ணும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சீருடைக்கு முன்பணம் என்று எவரேனும் கைநீட்டினால், அந்த மேசையை விட்டு உடனே அகன்றுவிடுக. கூலி கொடுப்பவர் கூலியாளிடம் பணம் கேட்பதில்லை.

இறுதியாக, முகாம் மாலையோடு முடிவதில்லை. மறுசுற்று அழைப்பு தொலைபேசியில் வருகிறது. தாளில் எழுதிய எண் மாறியிருந்தாலோ, தந்தையிடம் இருந்தாலோ, அறியாத எண் என்று எடுக்காமல் விட்டாலோ, அன்று பட்ட பாடு அத்தனையும் வீண். தாளில் உள்ள எண் நம் கையில் உள்ள எண்ணாக இருக்கட்டும். சில வாரங்களுக்கு எந்த அழைப்பையும் எடுங்கள்.

பி.யு.சி. இளைஞர் என்ன ஆனார் என்று நேயர்கள் வினவுவது கேட்கிறது. மூத்தவர் அவரை மீண்டும் அந்த மேசைக்கு அனுப்பினார். அதற்குள் பட்டியல் நிறைந்துவிட்டது. அம்மையார் உண்மையாகவே வருந்தினார். ஆயினும் இடம் போனது போனதுதான். இளைஞர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே சிறிது நேரம் அமர்ந்திருந்தார். பின்பு எழுந்து, தம் தாளில் 'பிளஸ் டூ' என்ற இடத்திற்கு அருகே பேனாவால் 'இரண்டாம் பி.யு.சி.க்கு இணை' என்று எழுதிக்கொண்டு வேறொரு வரிசையில் போய் நின்றார். அங்கே அதே கேள்வி வந்தது. "ஆயிற்று, சார், தமிழ்நாட்டில் படித்தேன், அங்கே பிளஸ் டூ என்போம்" என்றார். பேனா தாளின் மூலைக்குச் சென்றது. பத்து நாள் கழித்து அழைப்பு வந்தது. இப்போது அவர் ஷிப்டுக்குச் செல்கிறார். சம்பளம் பெரிதன்று, ஆனால் கொத்து வேலைக்கு மழைக்காலத்தில் ஓய்வு வரும்போது, அவ்வீட்டில் அடுப்பு அணைவதில்லை.

அதே கேள்விக்கு 'இல்லை' என்று கூறித் திரும்பிய பிள்ளைகள் வேறு எத்தனை பேரோ! இனி நம் சங்கத்தார் பிள்ளைகளில் ஒருவரும் அப்பட்டியலில் சேரலாகாது. ஞாயிறு மாலைகளில் சங்கக் கூடத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போடப்பட்டிருக்கும். தொழிற்சாலைகளில் பணியாற்றும் உறுப்பினர்கள் ஒருபுறம் அமர்ந்து கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்பார்கள். மறுபுறம் உங்கள் மக்கள் அமர்ந்து விடை கூறட்டும். தவறு செய்வதாயின் அங்கே செய்யட்டும். அங்கே தவறினால் வேலை போகாது.