மகமையும் வரியும்

சென்ற மாதம் சிவகாசிக்குப் போயிருந்தபோது, பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் நண்பர் ஒருவரின் அச்சுக்கூடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். அன்று அவர் அந்த மாதத்து ஜி.எஸ்.டி. வரியைச் செலுத்தினார். செலுத்தி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றார்!

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரி கட்டியவர்களின் வாயிலிருந்து எத்தனையோ வார்த்தைகள் புறப்படக் கேட்டிருக்கிறோம். இந்த வார்த்தை மட்டும் புறப்பட்டதில்லை.

"இதில் என்ன அதிசயம், அய்யா? பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிச் சபையாருக்கு எழுதியபோது, வரியைப் பட்ட கடனாக எண்ணிச் செலுத்தும்படிதானே சொன்னார்? அப்போது சிம்மாசனத்தில் இருந்தவன் நீரோ. எங்களுக்கு வாய்த்ததோ நாங்களே வோட்டுப் போட்டு அமர்த்திய சர்க்கார். ஊரில் வெடி விபத்து என்றால் முதலில் ஓடி வருவது தீயணைப்பு வண்டி. அடுத்தபடி அரசாங்க ஆஸ்பத்திரி. அந்த வண்டிக்கு எண்ணெய் ஊற்றியதில் நானும் ஒரு துளி என்று நினைத்துக்கொள்வேன்" என்றார் நண்பர்.

அவருடைய பேச்சு மனத்தைத் தொட்டது வாஸ்தவம். ஆயினும் வரிக்கு வாழ்த்துப் பாடுவது இந்த தேசத்தின் பழக்கம் அன்று. 1930-இல் வேதாரணியத்தில் உப்பு அள்ளியவர்கள் வரிக்கு நன்றி சொல்லவா போனார்கள்? சிவகாசியும் வரியை வெகு காலமாக அறிந்த ஊர்தான். 1923-இல் இங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கிற்று. 1934-இல் பிரிட்டிஷ் சர்க்கார் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போட்டுவிட்டது. 2017-இல் பட்டாசுக்கு 28 சதவிகிதம் என்றபோது ஊரே ஆலைகளை அடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் அது 18 ஆகக் குறைந்தது. அடைத்தவர்களை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் இதே சீமையில்தான் ஒரு விந்தையும் உண்டு. யாரும் கேட்காமலே தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டவர்கள் விருதுநகர் வியாபாரிகள். அதற்கு மகமை என்று பெயர். நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுவுக்கென்று எடுத்து வைத்தார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கினார்கள். இப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. காமராஜர் அதில் படித்தார். பிற்காலத்தில் அவர் முதன் மந்திரியாகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார் என்றால், பிடியரிசி எங்கே போய்ச் சேரும் என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

மகமை கொடுத்தவன் முகம் சுளிக்கவில்லை. காரணம் எளிது. பள்ளிக்கூடம் அவன் கண்ணெதிரே நின்றது. கணக்கும் ஊர்க்கூட்டத்தில் கேட்கக்கூடியதாய் இருந்தது.

நண்பருடைய மதத்தைச் சேர்ந்த ஒருவரே இந்தக் கணக்கு விஷயத்தைத் தேசம் முழுவதற்கும் எடுத்துச் சொன்னார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.ஸி. குமரப்பா அவர்களைத்தான் சொல்கிறோம். தொழிலால் அவர் ஆடிட்டர். பிறர் கணக்கைத் தணிக்கை செய்து வந்தவர், அமெரிக்காவுக்குப் படிக்கப் போன இடத்தில் பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கையே தணிக்கை செய்யத் தொடங்கிவிட்டார்! ஏழைக் குடியானவனிடம் வாங்கிய வரி ராணுவத்துக்கும் கடனுக்கும் போகிறதேயன்றி அவனிடம் திரும்புவதில்லை என்று அவர் எழுதியதைக் காந்தியடிகள் 1929-30இல் 'யங் இந்தியா'வில் தொடர்ந்து வெளியிட்டார். குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களை ஆராய்ந்து, நிலவரியின் பளுவைப் புள்ளிவிவரத்தோடு காட்டினார். சட்டமறுப்பு பாவம் என்று சபைப் பெரியவர்கள் சிலர் சொன்னபோது, இயேசுவின் பெயராலேயே அவர்களுக்கு மறுப்பு எழுதினார். சிறைக்கும் போனார். தம் கடைசி ஆண்டுகளை அவர் கழித்தது விருதுநகருக்கு வடமேற்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில். 1960-இல், காந்தியடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் தேதி, காலமானார்.

குமரப்பாவும் பக்திமான்தான், பவுலின் நிருபத்தைப் படித்தவர்தான். கடனைச் செலுத்துகிறவனுக்கு ரசீது கேட்கும் பாத்தியதை உண்டு என்பதையும் அறிந்திருந்தார். சுவிசேஷத்தில் வரும் ஆயக்காரன் சகேயுவை எண்ணிப் பாருங்கள். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு.

இதை நண்பரிடம் சொன்னோம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடி விபத்தில் 40 பேர் வரை மாண்டதையும் நினைவூட்டினோம். "தீயணைப்பு வண்டியும் வரிப் பணம், ஆலைகளைச் சோதிக்க வேண்டிய அதிகாரியின் சம்பளமும் வரிப் பணம். வண்டிக்கு ஸ்தோத்திரம் சொன்னீர். அதிகாரி ஒழுங்காய் வந்தாரா என்று கேட்டீரா?"

நண்பர் ஒன்றும் பேசவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிய மனு. சென்ற ஆண்டில் தம் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் எத்தனை முறை சோதனையிடப்பட்டன, எந்தெந்தத் தேதிகளில், என்ன குற்றம் கண்டார்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மேலே பத்து ரூபாய் வில்லை ஒட்டியிருந்தது.

"இதற்கும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் ஒட்டினீரா?" என்று கேட்டோம்.

"ஆமாம், அய்யா" என்றார். "இது நகல். அசலைத் தபாலில் சேர்த்தாகிவிட்டது. பதில் சொல்ல முப்பது நாள் கெடு. இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது."