வாதம் என்று புதைத்த கோழி

எங்கள் அஞ்சுகிராமத்து வீட்டில் கோழி வளர்ப்பது தாயின் பொறுப்பு. சென்ற ஆண்டு, முட்டையிடும் பருவத்தை எட்டிய பெட்டைக்கோழி ஒன்று, ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னுமாக நீட்டிக்கொண்டு படுத்துவிட்டது. "வாதம் மக்களே, இனி எழும்பாது" என்றார் தாய். மூன்றாம் நாள் புதைத்தோம். என்ன நோய் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பின்னர் கல்லூரி நூலகத்தில் மாரெக் நோயைப் பற்றிப் படித்தபோது அக்கோழி கண்முன் வந்தது. 1907இல் ஹங்கேரி நாட்டு யோசெப் மாரெக் முதன்முதலில் விவரித்த நோய் அது. வைரஸால் வரும் புற்றுநோய். நரம்பைத் தாக்கிக் காலை முடக்கும். உள்ளுறுப்புகளில் கட்டிகளை எழுப்பும். இறகுத் தூசியால் பரவும். மனிதருக்கு நோய் தருவதாகச் சான்றில்லை. எங்கள் கோழிக்கு வந்தது அதுதானா? இனி அறிய வழியில்லை.

"கோழிக்கெல்லாம் ஆராய்ச்சியா?" என நகைப்போர் உண்டு. அமெரிக்காவில் பெய்ட்டன் ரௌஸ், கட்டி கண்ட ஒரு கோழியை ஆராய்ந்தே, வைரஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று 1911இல் காட்டினார். நோபல் பரிசு அவரை அடைந்ததோ 1966இல்! அந்த வைரஸின் புற்றுநோய் மரபணு, நலமான கோழியின் உயிரணுவிலிருந்தே வந்தது என்பதை 1976இல் பிஷப், வார்மஸ் குழுவினர் மெய்ப்பித்தனர். மனிதப் புற்றுநோயை அறியவும் அதுவே வாசல் திறந்தது.

மாரெக் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் அது கட்டியைத் தடுக்கிறதேயன்றி, வைரஸ் பரவுவதை முற்றும் தடுப்பதில்லை. வைரஸும் மாறிக்கொண்டே வருகிறது. அம்மாற்றத்தைக் காண அதன் மரபணு எழுத்துகளை வரிசையாகப் படித்தாக வேண்டும். நம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், கட்டிக்குக் காரணமான 'மெக்' மரபணுவை இந்திய வைரஸ்களில் முழுமையாக வரிசைப்படுத்தி 2017இல் வெளியிட்டுள்ளனர். பெருமைக்குரிய பணி!

ஆயினும் பண்ணைக் குஞ்சுக்குப் பொரித்த அன்றே கிடைக்கும் ஊசி, புறக்கடைக் கோழிக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அதன் நோயாவது ஆய்வகத்தை எட்ட வேண்டாமா? கொண்டு சேர்ப்பவர் இல்லாமல் ஆய்வகம் எதைப் படிக்கும்? கிராமத்திலிருந்து வரும் விலங்கியல் மாணவர்களாகிய நாம், நோயுற்ற கோழியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டும் வழக்கத்தை நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இனியும் "வாதம்" என்றே ஒரு கோழி எங்கள் வீட்டில் புதைக்கப்பட்டால், குற்றம் என் தாயுடையதன்று, படித்த என்னுடையது.

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்