மார்கழியும் மணப்படமும்

மார்கழி பிறந்ததும் தமிழகத்தில் திருமண மண்டபங்கள் வெறிச்சோடும். சூரியன் தனுசு இராசியில் இருக்கும் இத்திங்களில் வடநாட்டாரிலும் பலர் மணவினை நிகழ்த்துவதில்லை. அவர்கள் இதனைக் ‘கர்மாஸ்’ என்பர். ஆகவே திருமணப் புகைப்படக் கலைஞருக்குச் சென்னையிலும் தில்லியிலும் ஏறக்குறைய ஒரே வேளையில் ஓய்வு கிடைக்கிறது.

ஓய்வு என்பதும் பெயருக்குத்தான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எடுத்த படங்களைத் தேர்ந்து, நிறம் திருத்தி, ஆல்பமாக்கும் காலம் இது. விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. மாலையில் சபாக்களில் கச்சேரி. இடையே கணினிமுன் அவர்.

இப்போது ஆல்பம் கேட்போர் குறைந்து வருகின்றனர். நிச்சயதார்த்தப் படங்கள் பென் டிரைவில் இருந்தால் போதும் என்கின்றனர். இது சரியன்று. முன்பு ஒரு படச்சுருளில் 36 படங்களே எடுக்க இயலும். எண்ணி எடுத்தனர், எடுத்தவற்றை அச்சிட்டனர். தாம்பூலத் தட்டு மாற்றும் படத்தில், பின்வரிசையில் பாதி முகம் மட்டும் தெரிபவர் யாரென்று பாட்டி விரல்வைத்துச் சொல்வார். ஊரைவிட்டுத் தொலைவில் வளர்ந்த பிள்ளைகள் பெரியப்பாவையும் அத்தையையும் அறிந்தது அப்படித்தான். இன்றோ படங்கள் ஆயிரம். கைப்பேசி பழுதானால் ஒன்றுமில்லை.

ஆயிரத்தில் முப்பதையேனும் அச்சிட வேண்டும். செலவு உண்டு என்பது உண்மையே. விருந்தில் ஓர் இனிப்பைக் குறைக்கலாம். படங்களைத் தேரும்போது வீட்டுப் பெரியோரையும் உடன் அமர்த்த வேண்டும். மணமக்கள் தம் முகத்தை மட்டுமே பார்ப்பர்! இதனை மார்கழிக்குள் முடிப்பது நலம். தை பிறந்துவிட்டால் கலைஞருக்கு நேரமிராது.