தலையெழுத்தா, பாதியில் நின்ற வைத்தியமா?

வயதானவனுக்குக் கொடிய நோய் வந்தால் அவன் செய்த பாவம் என்று சொல்லிவிடுவது நமது நாட்டு வழக்கம். நான்கு வயதுக் குழந்தைக்கு வந்தால் என்ன சொல்வது? பாவம் செய்ய அதற்கு இன்னும் காலமே வரவில்லையே! இந்தச் சங்கடத்துக்காகவே முன்ஜென்மம் என்று ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அதுவும் பற்றாவிட்டால் பெற்றவள் இருக்கிறாள். அவள் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிறவர் வீட்டிலோ, வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர் வீட்டிலோ ஒரு குழந்தைக்கு விடாத காய்ச்சல் என்று வைத்துக் கொள்ளுங்கள். முகம் வெளுக்கிறது. கால் வலிக்கிறதென்று நடக்க மறுக்கிறது. அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்கிறது. ஈறில் இரத்தம் கசிகிறது. உடனே இரத்தத்தைச் சோதிக்க வேண்டிய அடையாளங்கள் இவை. ஆனால் முதலில் நடப்பது என்ன? திருஷ்டி கழிப்பது, பிறகு தாயத்து, பிறகு நேர்ச்சை. இந்து திருச்செந்தூருக்கும், கிறிஸ்தவர் பனிமய மாதா கோவிலுக்கும், முஸ்லிம் தர்காவுக்கும் முடிந்து வைக்கிறார்கள். மதம் வேறானாலும் வீணாகும் நாட்கள் ஒன்றுதான்.

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் புற்று இரத்தப் புற்று. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உண்டாகும்போது, ஒரு அணு முறை கெட்டு, கட்டுக்கு அடங்காமல் பெருகி, நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. தாய் கிரகணத்தில் வெளியே வந்ததாலோ, தகப்பன் யாரையோ ஏமாற்றியதாலோ இது வருவதில்லை. தொட்டால் ஒட்டுவதுமில்லை. அப்படியிருக்க அந்த வீட்டுக் குழந்தையோடு விளையாடாதே என்று தம் பிள்ளையைப் பிடித்து இழுப்பவர்களை என்னவென்று சொல்வது?

1940-களின் நடுப்பகுதி வரையில் இந்த நோய் கண்ட குழந்தை சில மாதங்களில் சாவது நிச்சயம். அக்காலத்தில் விதி என்றாலாவது அதற்கு ஒரு சாக்கு இருந்தது. 1947-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் சிட்னி ஃபார்பர் ஒரு புது மருந்தைக் கொடுத்தார். குழந்தைகள் சில காலத்துக்காவது எழுந்து நடந்தன. அந்த மருந்தை உண்டாக்கிக் கொடுத்த கூட்டத்தின் தலைவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். பிறகு நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்ற மருந்தைப் பிரித்து, 1963-இல் வழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். நாம் சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு ஒதுக்கும் அதே செடி! நமது திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் வறண்ட காடுகளில் பயிராகி, நமது துறைமுகம் வழியாகவே மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. (இலையை அரைத்துக் குடிக்கலாம் என்று யாராவது வேர் வைத்தியன் சொன்னால் நம்பிவிடாதீர்கள், அது விஷம். டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் பிரித்தெடுத்து, அளந்து நரம்பில் ஏற்றினால்தான் மருந்து.)

இன்று பணக்கார தேசங்களில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பிழைக்கின்றன. ஏழைத் தேசங்களில் எல்லா வகைக் குழந்தைப் புற்றையும் சேர்த்துப் பார்த்தால் பத்துக்கு மூன்றுகூடத் தேறுவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது. பிரமன் தேசத்துக்குத் தேசம் வேறு பேனாவால் எழுதுகிறானா?

காரணம் பல. அவற்றுள் நாம் கை வைக்கக் கூடியது ஒன்று உண்டு: வைத்தியத்தைப் பாதியில் நிறுத்துவது. மருந்து ஏற்றி ஒரு மாதத்தில் பெரும்பாலும் காய்ச்சல் நின்று, குழந்தை ஓடி விளையாடத் தொடங்கும். அங்கேதான் மோசம் வருகிறது. நேர்ச்சை பலித்தது என்கிறாள் பாட்டி. என் விபூதிதான் என்கிறான் சாமியார். இனி எதற்கு ஊசி என்று ஊர் கேட்கிறது. ஒளிந்திருக்கும் கெட்ட அணுக்களை அழிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து வேண்டும் என்று டாக்டர் சொன்னது மறந்து போகிறது. நிறுத்திய சில மாதங்களில் நோய் திரும்பினால் மறுபடியும் தலையெழுத்து! குணமானால் கடவுளுக்குப் பெயர். திரும்பினால் டாக்டருக்குப் பழி. இந்த வியாபாரத்தில் நஷ்டப்படுவது குழந்தை ஒன்றே.

நமது கடற்கரைக்கு இது புதிதல்ல. முத்துக்குளித்த காலத்தில், சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் போடும் ‘கடல்கட்டி’ ஒருவன் கரையில் இருப்பான்; அவன் இல்லாமல் ஆள் இறங்காதென்று வெள்ளைக்கார சர்க்காரே அவனுக்குக் கூலி கொடுத்தது. ஆனால் முங்கினவனை மேலே கொண்டு வந்தது படகில் கயிறு பிடித்து நின்றவன் கை. அதனால்தான் மைத்துனனைக் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தன் அக்காள் தாலி அறுவதை அவன் விரும்பமாட்டானல்லவா? சர்க்கார் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. கடல்கட்டிகளோ வேறு வேறு வேஷத்தில் வீதிதோறும் இருக்கிறார்கள். கயிறு பிடிக்கத்தான் ஆள் இல்லை.

நிற்க, பாதியில் நிறுத்துகிறவர்கள் எல்லோரும் மூடர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். ரயிலில் படுக்கை வகுப்பில் புற்று நோயாளிக்கு முழுச் சலுகையும், துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கும் உண்டு. தன் தங்கையை 1923-இல் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி ஒழிப்புக்குப் போராடிய அதே அம்மையார், 1954-இல் அடையாறில் தொடங்கி வைத்த மருத்துவமனை இருக்கிறது. ஆனால் 650 கிலோமீட்டர் போய்த் தங்கும் நாட்களில் உப்பளம் கூலி தருமா? வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது? காப்பீட்டுச் சீட்டு இதற்கெல்லாம் பதில் சொல்லாது.

அதிலும் பெண் குழந்தையானால் கேட்கவே வேண்டாம். இந்நோய் இயற்கையிலேயே ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். ஆனால் இந்தியாவின் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் காணும் வித்தியாசம் மேல்நாட்டைவிடப் பெரிது. மிச்சப் பெண்கள் எங்கே போனார்கள்? வீட்டிலேயே இருக்கிறார்கள், இரத்தம் சோதிக்கப்படாமல்.

இன்னொரு விஷயம். மருந்து ஏறும் காலத்தில் குழந்தைக்கு நோயை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும். தலைமுடி கொட்டும். தெருவில் ‘மொட்டை திருச்செந்தூரிலா?’ என்று கேட்கிறார்கள். தாயும் வெட்கப்பட்டு ஆமாம் என்கிறாள். அவள் வெட்கப்பட என்ன இருக்கிறது? முடி மறுபடி முளைக்கும். பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கும் அம்மைக்கும். காய்ச்சல் கண்டால் நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தெருவில் யாருக்காவது அம்மை கண்டால், மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி மறைக்காமல் அந்தக் குடும்பத்துக்கு உடனே சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் ஆறும் அம்மை இந்தக் குழந்தையைக் கொன்றுவிடக் கூடும். திருவிழாக் கூட்டமும் பல கை பட்ட தீர்த்தமும் அதற்கு ஆகாதவை.

தேருக்கும் வாணவேடிக்கைக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலிக்க நமக்குத் தெரியும். அதே நோட்டில், அதே வீடுகளில், இந்தக் குடும்பத்தின் ஒரு மாதக் கூலிக்கு வசூலிக்க ஏன் தெரியாது? வாலிபர் சங்கத்தார் இரத்தம் கொடுக்கக் கூடியவர்களின் பெயரையும் இரத்த வகையையும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். இந்த வைத்தியத்தில் இரத்தம் அடிக்கடி தேவைப்படும். ஆஸ்பத்திரிக்குப் போகும் தேதிகளில் அந்த மூத்த பிள்ளைக்கு மத்தியானச் சோறு யார் வீட்டில் என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதிவிடலாம்.