காத்து நம்ம பெருமை, டவர் மட்டும் விவசாயி தலையிலயா?



"காற்றாலையில் தமிழ்நாடு முன்னோடி"ன்னு நாம எல்லாரும் ஷேர் பண்றோம். பண்ணணும், பெருமைதான். முப்பந்தல், கயத்தாறு, உடுமலைன்னு 10,000 மெகாவாட்டைத் தாண்டிய காற்றாலைகள். கமுதியில் 648 மெகாவாட் சோலார். ஆனா அந்தக் கரண்ட் சென்னைக்கும் கோவைக்கும் எந்த வழியா வருதுன்னு யாரும் போஸ்ட் போடறதில்லை. யாரோ ஒரு விவசாயியோட தோட்டத்து வழியாத்தான் வருது.

சின்னக் கணக்கு ஒண்ணு. 400 கேவி லைனுக்கு சுமார் 46 மீட்டர் அகலம் வேணும். ஒரு கிலோமீட்டருக்கு 11 ஏக்கருக்கு மேல! அந்தப் பட்டைக்குள்ள வீடு கட்ட முடியாது. தென்னை வைக்க முடியாது, இருக்கிற தென்னையையும் வெட்டிருவாங்க. பட்டா விவசாயி பேர்லதான் இருக்கும். ஆனா அவசரத்துக்கு விக்கப் போனா, அடிமாட்டு விலைக்குத்தான் கேப்பாங்க.

இதுக்கு அதிகாரம் எங்கிருந்து வருது? 2003 மின்சாரச் சட்டத்தின் 164-வது பிரிவு, 1885 தந்திச் சட்ட அதிகாரத்தை மின்பாதை அமைப்பவர்களுக்கு வழங்க இடம் தருது. வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுக்க எழுதின சட்டம்! தந்திக் கம்பமும் உயர்மின் கோபுரமும் ஒண்ணா? "நிலத்தை எடுக்கல, பயன்படுத்தத்தான் செய்றோம்" என்பதால் 2013 நில எடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கிடைக்காது. 2018-லயும் 2019-லயும் கொங்கு மண்டல விவசாயிகள் வயல்ல இறங்கிப் போராடினது சும்மா இல்லை.

மத்திய மின்துறை 2015-ல் கோபுரம் நிக்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85%, கம்பி போற பட்டைக்கு அதிகபட்சம் 15%ன்னு சொன்னது. 2024 ஜூனில் அதை 200%, 30%ன்னு உயர்த்தியது. நல்லது. ஆனா அது வெறும் வழிகாட்டுதல். சட்டம் இல்லை.

சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கா? இருக்கு. மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கு. மத்திய சட்டத்தோடு முரண்பட்டா குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கணும், அவ்வளவுதான். நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்க 2019-ல் இதே வழியில் சட்டம் போட்டு, 2021-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சது தமிழ்நாடு. நிலம் எடுக்க முடிஞ்ச பேரவையால, நிலத்துக்குச் சொந்தக்காரனைக் காப்பாத்த முடியாதா?

"இழப்பீடு கூடினா கரண்ட் பில் கூடும்"னு கமெண்ட் வரும். கூடலாம். ஆனா லைன் தாமதமானா வட்டி ஏறும், சீசன்ல ஓடவேண்டிய காற்றாலையை நிறுத்தி வைக்கணும். அதுவும் நம்ம காசுதான். பசுமை மின்சாரத்தோட பலன் எல்லாருக்கும் போகுது. செலவையும் எல்லாரும் பகிர்ந்துக்கறதுதான் நியாயம்.

நாம கேக்க வேண்டியது மூணு:

1. இழப்பீட்டு விகிதம் சட்டத்திலேயே இருக்கணும். வழிகாட்டி மதிப்பில் இல்லாம சந்தை மதிப்பில் கணக்குப் போடணும்.
2. பணம் வங்கிக் கணக்கில் ஏறின பிறகுதான் அஸ்திவாரக் குழி தோண்டணும்.
3. பாதையை முடிவு பண்றதுக்கு முன்னாடி கிராம சபையில் வரைபடத்தை வைக்கணும்.

யார் ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கோரிக்கை மாறாது. உங்க ஊர் வழியா லைன் போகுதா? எத்தனை ஏக்கர், எவ்வளவு இழப்பீடு வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. நம்ம தொகுதி எம்.எல்.ஏ.வையும் டேக் பண்ணுங்க.

#நிலத்துக்கு_நியாயவிலை #விவசாயிக்கும்_பங்கு