எஞ்சின் எங்கே இருக்க வேண்டும்?

அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் 1953 முதல் தயாரித்து வரும் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால்தான் இருந்து வந்தது. அதை இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்பாக வைக்க வேண்டும் என்று அந்நிறுவனத்தின் பொறியாளர் சோரா ஆர்கஸ்-டன்டோவ் பல ஆண்டுகள் வாதாடினார். 1960-இல் அப்படியொரு சோதனைக் காரையும் உருவாக்கிக் காட்டினார். ஆனாலும் விற்பனைக்கு வந்த கார்வெட்டில் எஞ்சின் இடம் மாறவில்லை. அவர் 1996-இல் காலமானார். 2019 ஜூலையில் அறிமுகமான எட்டாம் தலைமுறைக் கார்வெட்டில்தான் அவர் கேட்டது நடந்தது. நம் நாட்டுச் சாலைகளுக்கு ஏற்ற வலப்பக்க ஸ்டீரிங்குடன் தொழிற்சாலையிலேயே தயாரான முதல் கார்வெட்டும் அதுவே.

பிரிக்பீல்ட்ஸில் டியூஷனுக்குப் போகும் மாணவனுக்கும் கிள்ளானில் எஸ்.பி.எம். எழுதக் காத்திருக்கும் மாணவிக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. கார் மீது நம் இளைஞர்களுக்கு ஆர்வம் குறைவில்லை. அந்த ஆர்வம் எக்ஸாஸ்ட் சத்தத்தோடும் ஸ்டிக்கரோடும் நின்றுவிடுகிறது என்பதே நம் கவலை. அது வகுப்பறைக்குள்ளும் வர வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள, முன் சக்கரங்களால் இயங்கும் ஒரு கார். அதில் 720 கிலோ முன் சக்கரங்கள் மீதும் 480 கிலோ பின் சக்கரங்கள் மீதும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 2.5 மீட்டர். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து 200 கிலோ. அவற்றை 2 மீட்டர் பின்னால் நகர்த்தினால் என்ன ஆகும்? 200-ஐ 2-ஆல் பெருக்கி 2.5-ஆல் வகுத்தால் 160. அத்தனை கிலோ முன் சக்கரங்களிலிருந்து பின் சக்கரங்களுக்கு மாறிவிடும். இப்போது முன்னால் 560, பின்னால் 640. நெம்புகோல் பாடம் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்குதான் இது.

இதனால் என்ன பயன்? வேகம் எடுக்கும்போது காரின் எடை பின்பக்கம் சாயும். எஞ்சின் பின் சக்கரங்களை இயக்கினால், அங்கே ஏற்கெனவே எடை அழுத்திக்கொண்டிருப்பதால் டயர் வழுக்காமல் சாலையைப் பிடிக்கும். பிரேக் போடும்போது எடை முன்பக்கம் சாயும். அப்போதும் பின் சக்கரங்கள் மீது போதிய எடை இருப்பதால், நான்கு டயர்களும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும்.

இன்னொரு பயனை விளக்க, தைப்பூசத்தன்று பத்துமலையில் காணும் பால்காவடி போதும். கட்டையின் இரு முனைகளிலும் பால் செம்புகள் தொங்கினால், தோளில் வைத்துத் திரும்புவது கடினம். திரும்பிய பின் நிறுத்துவதும் கடினம். அதே செம்புகளைத் தோளுக்கு அருகே நகர்த்தினால் சட்டென்று திரும்பலாம். எடை மாறவில்லை, அது இருக்கும் இடம்தான் மாறியது. படிவம் 4 இயற்பியலில் படிக்கும் நிலைமத்தின் அடுத்த படி இது. கனமான எஞ்சின் நடுப்பகுதிக்கு வந்த கார் வளைவில் விரைவாகத் திரும்புவதற்கு இதுவே காரணம்.

ஆனால், இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. பின் இருக்கை போய்விடும். சூடும் சத்தமும் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். ரேடியேட்டர் முன்னால் இருந்தால் தண்ணீர்க் குழாய்கள் காரின் நீளம் முழுக்க ஓட வேண்டும். பழுது பார்க்கக் கை நுழையாது. எளிதில் திரும்பும் கார், ஓட்டுநர் தவறினால் அதே எளிமையோடு சுழன்றும் விடும். ஆகவே எஞ்சினை நகர்த்துவது என்றால் முழுக் காரையும் புதிதாகச் சிந்திப்பது என்று பொருள்.

அப்படிச் சிந்தித்த தமிழர் ஒருவர் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், 1980-களின் இறுதியில் ஃபார்முலா மாருதி என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். மாருதி 800 என்ற சாதாரணக் குடும்பக் காரின் முன்பக்கம் இருந்த 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். விலை உயர்ந்த வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க முடியாத இளைஞர்களுக்கு அது பள்ளிக்கூடமாயிற்று. கோவையின் நரேன் கார்த்திகேயன் அதில்தான் தொடங்கினார். 2005-இல் நம் செப்பாங் பந்தயத்தில் ஃபார்முலா 1 கார் ஓட்டி 11-ஆவது இடத்தில் முடித்தார். 1995-இல் மறைந்த கரிவரதனின் பெயரைச் செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் தாங்கி நிற்கிறது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 1996-இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தைப் புரோட்டோன் வாங்கியது. அதே ஆண்டு விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ், ரோவர் குடும்பக் கார்களில் முன்னால் இருந்த அதே வகை எஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்த கார். எடை ஏறத்தாழ முக்கால் டன்தான். 2017-இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனாவின் ஜீலிக்குப் போனது. 21 ஆண்டுகள் அந்த நிறுவனம் மலேசியாவின் கையில் இருந்தது. சத்ரியா ஜி.டி.ஐ. காரின் ஓட்டத்தைச் சீர்படுத்த அதன் அனுபவம் உதவியது. ஆனால் நிறுவனத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். அதன் அறிவு இங்கே வேரூன்ற, கற்றுக்கொள்ளும் இளைஞர்கள் வேண்டும். அந்த இளைஞர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கே பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. 'படிப்பு வராவிட்டால் பட்டறைக்குப் போ' என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுவோம். கிள்ளானிலும் காப்பாரிலும் எஞ்சினைக் கழற்றி மாட்டும் போர்மனின் கைக்குத் தெரிந்த பல விஷயங்கள், கணினி முன் மட்டும் அமர்ந்து வரையும் பொறியாளருக்குத் தெரியாது. ஸ்பேனர் நுழைய இடம் விட வேண்டும் என்று சொல்ல அவர் வேண்டும்; எத்தனை கிலோ எங்கே மாறும் என்று கணக்குப் போட இவர் வேண்டும். போலிடெக்னிக்கும் தொழிற்பயிற்சிக் கழகமும் பல்கலைக்கழகத்துக்குக் கீழ்ப்பட்ட படிக்கட்டுகள் அல்ல; ஒரே காரின் இரு அச்சுகள்.

மாணவர்களே, இதற்காக அப்பாவின் மைவியை அறுக்க வேண்டாம். ஜே.பி.ஜே. அனுமதியின்றி அப்படிச் செய்வது குற்றம், உயிருக்கும் ஆபத்து. ஒரு பொம்மைக் காரும் இரண்டு சமையலறைத் தராசுகளும் போதும். முன் சக்கரங்களை ஒரு தராசிலும் பின் சக்கரங்களை இன்னொன்றிலும் நிறுத்துங்கள். ஒரு பேட்டரியை முன்னால், நடுவில், பின்னால் என வைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு பக்கத்துப் பட்டறைக்குப் போய், எஞ்சின் எதில் தாங்கி நிற்கிறது என்று கேளுங்கள். உயர்கல்விக்கூடத்தில் பயில்வோர், அங்கே கார் வடிவமைக்கும் மாணவர் குழு இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் நான்கு பேர் கூடித் தொடங்குங்கள்.

மின்சாரக் கார் வந்துவிட்டது, இனி எஞ்சின் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். மின்சாரக் காரில் பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ. அதை எங்கே வைப்பது என்ற கேள்வியோடுதான் அந்தக் காரின் வடிவமைப்பும் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு அடுத்த பதிலைச் சொல்பவர் கிள்ளான் பள்ளத்தாக்கின் ஒரு தமிழ் மாணவராக இருக்கட்டும்.